திரும்பாத உள்ளங்கை

அத்தையின் வலது கை சரியில்லாமல் போன அந்தப் பன்னிரண்டு நாளும் எங்கள் வீட்டில் எல்லோரும் எல்லோர் மீதும் எரிந்து விழுந்துகொண்டிருந்தோம்.

அத்தை அப்பாவின் தங்கை, தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். அவள் தோளில் வீக்கமில்லை, காயமில்லை. பார்த்தால் மற்றத் தோள் போலவே இருந்தது. ஆனால் வயிற்றோடு ஒட்டிக்கிடந்த அந்தக் கையை அசைத்தால் அலறினாள். தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் தொட்டுப் பார்த்துவிட்டு, சுளுக்கு என்று தைலம் கொடுத்தார். எண்ணெய் போட்டு நீவ வந்த ஆளை அத்தை எட்டி உதைத்தாள். வேலை வாங்கும் கங்காணியோ எங்கள் லயத்து வரிசை வீட்டு வாசலில் நின்று, "கை நல்லாத்தானே இருக்கு? மழையில வேலைக்கு வரத்தான் நோவுது போல" என்று சொல்லிவிட்டுப் போனார். மலையூற்றுப் பீலியில் தண்ணீர் பிடித்துத் தூக்குவது, அத்தைக்குத் தலை வாருவது, ஜாக்கெட் மாட்டிவிடுவது எல்லாம் ஒன்பது வயதான என் மீது விழுந்தன. சீப்பை வைத்தாலே, "மெதுவாடி, சனியனே" என்பாள்.

கடைசியில் அப்பா பஸ் ஏற்றி ஹட்டன் டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். ஜாக்கெட் மாட்டிவிட நானும் போனேன். டாக்டர் சிங்களவர். தமிழை ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துப் பேசினார்.

"ரெண்டு கையும் நீட்டு. கோயில்ல பிரசாதம் வாங்குற மாதிரி."

இடது உள்ளங்கை மேலே பார்த்தது. வலது கை திரும்பவே இல்லை. அவரே பிடித்து வெளிப்பக்கம் திருப்பிப் பார்த்தார். பூட்டுப் போட்டதுபோல நின்றது.

எக்ஸ்ரே எடுத்தார்கள். படத்தைக் கொண்டுவந்த ஆள், எலும்பெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்றான். அப்பா அத்தையை முறைத்தார். டாக்டர் மட்டும் படத்தை வெளிச்சத்தில் பிடித்தபடியே நின்றார்.

"எப்படி விழுந்தது?"

"படியில வழுக்கி விழுந்துட்டேங்க" என்றாள் அத்தை.

"வலிப்பு வந்ததா?"

"எங்க வீட்டுல அப்படியெல்லாம் யாருக்கும் இல்லீங்க" என்று அப்பா குறுக்கே பாய்ந்தார்.

டாக்டர் மறுபடி கேட்டார். மறுபடி இல்லையென்றார்கள். காலையிலிருந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்கு வயிறு காந்தியது. இப்படியே திரும்பிப் போனால் நாளைக்கும் நான்தான் தண்ணீர் தூக்க வேண்டும்.

"படியில இல்லீங்க! அடுப்புக்கிட்ட விழுந்தாங்க. கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்துச்சு, வாயில நுரை வந்துச்சு. படியில விழுந்தேன்னு சொல்லச் சொன்னதே அத்தைதான்" என்று கத்திவிட்டேன்.

அத்தை இடது கையால் என் தொடையைக் கிள்ளினாள். டாக்டர் பெருமூச்சு விட்டார். "இதை முதல்லயே சொல்ல ஏலாதா?"

கீழே விழுந்தால் தோள் எலும்பு பெரும்பாலும் முன்பக்கம்தான் நழுவுமாம். வலிப்பில் தசைகள் முறுக்கி இழுக்கும்போது பின்பக்கம் போய்விடுமாம்; நேராக எடுத்த படத்தில் அது சட்டென்று தெரியாதாம். கையைக் கொஞ்சம் விலக்கி, அக்குள் வழியாக இன்னொரு படம் எடுத்தார்கள். எலும்பின் உருண்டை குழியை விட்டுப் பின்னால் போய் உட்கார்ந்திருந்தது. அத்தைக்கு மயக்க மருந்து கொடுத்து அதை இழுத்துப் பொருத்தினார்கள்.

நான்கு நாள் கழித்து அழைத்துவரப் போனோம். இடுப்பிலிருந்து மணிக்கட்டு வரை மாவுக்கட்டு. கை உடம்பை விட்டு விலகி நீட்டிக்கொண்டிருந்தது. தினமும் போட வேண்டிய வலிப்பு மாத்திரையைத் தோட்டத்திலேயே வாங்கிக்கொள்ள டிஸ்பென்சருக்கு ஒரு கடிதமும் தந்தார்கள். அப்பா அதைச் சட்டைப்பையில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார்.

"இதைக் குடுத்தா பொழுது சாயறதுக்குள்ள தோட்டம் பூரா தெரிஞ்சிடும்" என்று முணுமுணுத்தார்.

பஸ்ஸில் அந்தக் கட்டுக்கே தனியாக ஓர் இடம் வேண்டியிருந்தது. ஏறியவர்களெல்லாம் சலித்துக்கொண்டார்கள். அத்தை என் முகத்தைப் பார்க்கவேயில்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது. நான் வாயைத் திறந்ததால்தானே கை சரியானது?

"என்னாத்துக்கு அத்தை எங்கூடப் பேச மாட்டேங்கிறீங்க?"

"தை பொறந்ததும் லிந்துலையிலருந்து என்னயப் பொண்ணு பாக்க வர்றாங்கடி" என்றாள், ஜன்னல் பக்கம் பார்த்தபடி.

இவ்வளவுதானா என்றிருந்தது எனக்கு.

"அதுக்குள்ள கட்டைப் பிரிச்சிருவாங்க, அத்தை."

அப்பா கடிதம் இருந்த சட்டைப்பையைப் பொத்தியபடி திரும்பி, "வாயை மூடிக்கிட்டு வா" என்றார். ஆறுதல் சொன்னவளை ஏன் அதட்டுகிறார் என்று, எங்கள் தோட்டம் வரும்வரை மனதுக்குள் பொருமிக்கொண்டே வந்தேன்.