ஜோர்ஹாட்டுக்கு எவ்வளவு நேரம்

நெய்வேலி மெயின் பஜாரில், ஜெராக்ஸ் கடையை ஒட்டிய எட்டடி இடத்தில் உட்கார்ந்து டிக்கெட் போடுகிறவள் தமிழ்நிலா. வடக்குத்து மாணிக்கம்மாளின் கடைக்குட்டி. பத்தாம் வகுப்பில் கணக்குக்கு முப்பத்தாறுதான். விமானத்தில் இதுவரை ஏறியதும் இல்லை. ஆனாலும் டவுன்ஷிப்பில் தூரப் பயணம் போகிறவர்கள் அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கிளம்புவதில்லை. அவள் கணக்குப் போடும் பயண நேரம் வீட்டுப் படியில் தொடங்கி, போய்ச் சேரும் வீட்டுப் படியில்தான் முடியும்.

போன ஜூலையில் கோபாலகிருஷ்ணன் மனைவியோடு, செல்போனை நீட்டிக்கொண்டு வந்தார். மைன்ஸில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் கிருஷ்ணப்ரியா அசாமில், ஜோர்ஹாட்டில் இருக்கிறாள். ராணுவத்திலிருக்கும் மருமகனுக்கு லீவு கிடைக்கவில்லை. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வரவேண்டியவளை டாக்டர் பயணமே கூடாதென்று நிறுத்திவிட்டார். வியாழக்கிழமை காலை ஒன்பதுக்கு ஆபரேஷன். அதற்குள் அம்மா கஸ்தூரியம்மாள் போய்ச் சேர்ந்தாக வேண்டும்.

"திருச்சியிலேர்ந்து ரெண்டாயிரத்து நானூறு கிலோமீட்டர். மூணரை மணி நேரம்னு போட்டிருக்கு. புதன்கிழமைக்குப் போடும்மா."

"அது கோடு போட்டு அளந்து சொல்றது சார். அப்படி நேரா போற பிளேன் கிடையாது." தமிழ்நிலா தாளில் எழுதிக் காட்டினாள். விடிகாலை மூன்றரைக்குக் கார். சென்னையில் பத்து மணிக்கு ஒரு விமானம், கொல்கத்தாவில் மூன்று மணிக்கு இன்னொன்று. மகள் வீட்டுக்குள் நுழைய மாலை ஐந்தரை.

"பதினாலு மணி நேரம். மழையில ஒரு பிளேன் நின்னா அடுத்தது மறுநாள்தான். அதனால செவ்வாய்க்கிழமையே போயிடட்டும்."

"செவ்வாய்க்கிழமை வடக்கே சூலம்."

"புதனுக்கும் வடக்கேதான் சார். காலண்டர் உங்க பின்னாலதான் தொங்குது."

அவர் திரும்பிப் பார்த்தார். "ஏறாத பிளேனுக்கு எவ்ளோ பேச்சு பாரு."

கஸ்தூரியம்மாள் குறிஞ்சிப்பாடிக்காரர். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் கணவர் பக்கம் திரும்பினார். "ஷிப்டு பஸ்ஸுக்கே அரைமணி முன்னால போய் நின்ன மனுசன் நீங்க. பொண்ணுக்காக ஒரு நாள் முன்னால போனா என்னாவாம்? சூலத்துக்குப் பால் குடிச்சிட்டுக் கெளம்பறேன். செவ்வாயே போடு தமிழு."

செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டரைக்குக் கடை போன் அடித்தது. கொல்கத்தாவிலிருந்து கஸ்தூரியம்மாள். "மழை கொட்டுது. ஜோர்ஹாட் பிளேன் இன்னிக்கு இல்லியாம். இங்க ஒருத்தரு பேச்சும் புரியல."

"போனைக் கவுண்டர்ல இருக்கறவங்க கிட்ட குடுங்கம்மா."

தமிழ்நிலா தனக்குத் தெரிந்த உடைந்த இந்தியில் பேசினாள். புதன்கிழமை விமானத்தில் ஜன்னலோரச் சீட்டு கிடைத்தது. தங்க அறையும் சொன்னார்கள். அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாயிற்று என்று கஸ்தூரியம்மாள் சொல்லும்வரை அவள் போனை வைக்கவில்லை. எதிரே மூன்று பேர் காத்திருந்தார்கள். ஒருவர் முணுமுணுத்தார். அவள் காதில் வாங்கவில்லை.

புதன்கிழமை மாலை, போய்ச் சேர்ந்துவிட்டதாக மகள் வீட்டிலிருந்து சேதி வந்தது. வியாழக்கிழமை காலையிலிருந்து தமிழ்நிலா டீ கூடக் குடிக்கவில்லை. பத்தரைக்குத்தான் போன் வந்தது.

"பொட்டப்புள்ள தமிழு. ரெண்டும் நல்லா இருக்குதுங்க. ஆபரேஷனுக்கு உள்ள கூட்டிக்கினு போற கதவு வரைக்கும் அவ கையப் புடிச்சிக்கினே நடந்தேன்."