தடித்த கழுத்துச் சாமி

ரோமின் சுபூராத் தெருவில் ஒப்பியாவின் ஒயின் கடைக்குள் நுழைகிறவர்கள் முதலில் சுவரில் வரைந்திருந்த சாமியைத்தான் பார்ப்பார்கள். தலையில் ஐவிக் கொடி, கையில் கோப்பை, காளைக்கே பொறாமை வரும்படி ஒரு கழுத்து. லிபெர் என்கிற திராட்சைச் சாமி. லத்தீனில் அந்தப் பெயருக்கு விடுதலையானவன் என்றும் பொருள் உண்டு.

கம்பானியத் தோட்டத்தில் அடிமையாகத் திராட்சை மிதித்த நாளில், ‘என்னை விடுவித்தால் சுவரில் உன் முகத்தை வரைந்து வைக்கிறேன்’ என்று ஒப்பியா நேர்ந்துகொண்டாள். எஜமானி விடுவித்தாள். அன்று ஒப்பியா கால் கழுவிய தண்ணீரைக் குடித்த கழுதைகள் போதையேறி விழுந்தனவாம். கழுதைகளைக் கேட்டால்தான் உண்மை தெரியும்.

இப்போது ரோமில் சாமிகளுக்கே நேரம் சரியில்லை. தன்னையே பாக்கஸ், அதாவது கிரேக்கர்களின் திராட்சைச் சாமி, என்று சொல்லிக்கொண்டு கிழக்கே ஆட்டம் போட்ட தளபதி தோற்று இறந்துபோனார். ஜெயித்தவருக்குப் பிடித்த சாமி அப்பல்லோ. கடைக்குத் தினமும் வரும் கவிஞர் நோனியஸ்கூடப் பாட்டில் சாமியை மாற்றிவிட்டார்.

“பாக்கஸை எடுத்துட்டு அப்பல்லோவ வெச்சேன் ஒப்பியா. வரி நொண்டுது.”

“நீங்க குடிச்சிட்டு நடக்கிற மாதிரிதானே? விடுங்க.”

அந்த நேரம் பார்த்து நகர அதிகாரியின் ஆள் உள்ளே வந்து சுவரை முறைத்தான்.

“ஏம்மா, இது தோத்துப்போனவர் மூஞ்சிதானே? அதே கழுத்து, அதே சுருட்டை முடி. சுரண்டிப் போடு. இல்லன்னா கடைக்குப் பூட்டுதான்.”

ஒப்பியா சுவருக்கு முன்னால் போய் நின்றாள். கடை போனால் வேறு தெருவில் திறக்கலாம். நேர்ந்துகொண்ட முகத்தைத் தன் கையால் சுரண்டுவதா?

“ஐயா, அவர் வெச்சுக்கிட்டது கிரேக்கச் சாமி பேரு. இவரு நம்ம ஊர் லிபெர். என் விடுதலையே இவர் பேர்லதான் இருக்கு.”

“பேரு சரி. கழுத்து?”

“அது எங்க வீட்டுக் கழுத்து. யோவ் புரோகுலஸ், கொஞ்சம் வெளிய வாய்யா!”

ஓசி ஒயினுக்காக அந்தச் சாமியை வரைந்த ஓவியன் முன்னால் மாதிரியாக நின்ற அவள் புருஷன், தோளில் ஜாடியோடு வந்து நின்றான். அதே கழுத்து, அதே சுருட்டை. வந்தவன் சுவரையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

“அப்போ சுரண்ட வேண்டியது சுவரை இல்ல, இவனை!”

“என்னையா?” என்று அலறினான் புரோகுலஸ்.

“தாராளமா சுரண்டுங்க” என்றாள் ஒப்பியா.

தெருமுனை நாவிதன் புரோகுலஸின் சுருட்டைகளை எல்லாம் மழித்துத் தள்ளினான். சுவரும் கடையும் தப்பின. கழுத்தைத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை. மார்ச்சில் லிபெர் திருவிழா வந்தது. ஒப்பியா சாமிக்குத் தேன் பணியாரம் படைத்தாள். மிச்சமிருந்த ஐவிக் கொடியைப் புருஷனின் மொட்டைத் தலையில் சுற்றினாள்.

“தலை குளிருதுன்னியே, வெச்சுக்கய்யா.”