இல்லாத குளம்படி

மலைச்சாமி கொடைக்கானலுக்கும் பூம்பாறைக்கும் இடையே அரசுப் பேருந்து ஓட்டுகிறவன். அந்த வண்டியில் போய்வருகிறவர்களுக்கு அவனைப் பற்றி இரண்டு விஷயம் தெரியும். வளைவில் எதிரே டூரிஸ்ட் வேன் வந்து முட்டிக்கொண்டு நின்றாலும் அவன் வாயிலிருந்து ஒரு வசவு வராது. இன்னொன்று, அவன் சீட்டுக்குப் பின்னால் மழைக்கோட்டு தொங்குகிற கம்பியில் ஒரு கோல்ஃப் மட்டையும் சேர்ந்து தொங்கும்.

இளவயதில் மலைச்சாமி கொடைக்கானல் கோல்ஃப் மைதானத்தில் கேடியாக இருந்தான். விளையாட வருகிறவர்களின் பையைச் சுமந்து கூடவே நடந்து, பந்து விழுந்த இடத்தைக் கண்டு சொல்கிற வேலை. ஹெவி லைசென்ஸ் எடுத்துப் பஸ்ஸுக்குப் போன பிறகும் அந்தப் புல் அவனை விடவில்லை. மெம்பர்கள் வராத திங்கட்கிழமைகளில் கேடிகளும் பழைய கேடிகளும் புல்வெட்டுகிற ஊழியர்களும் விளையாடிக்கொள்ளலாம் என்பது அங்கே வழக்கம். டிப்போவில் கெஞ்சிக் கூத்தாடி வார ஓய்வைத் திங்களுக்கு மாற்றி வாங்கியிருந்தான். வருடத்துக்கு ஒருமுறை அவர்களுக்குள்ளேயே போட்டி நடக்கும். ஜெயித்தவர் பெயரைக் கப்பில் வெட்டுவார்கள். அந்தக் கப்பில் அவன் பெயர் ஏறியதே இல்லை.

தூர அடியில் குறை சொல்ல முடியாது. ஆரம்பத்தில் ஸ்டியரிங்கைப் பிடிக்கிற மாதிரி வலது கையை இறுக்கி மட்டையைப் பிடித்தான். பந்து இடது பக்கமாக வளைந்து சோலைக்குள் போய் விழும். செல்போனில் வீடியோ பார்த்து, அக்குளில் துண்டை இடுக்கிக்கொண்டு, துண்டு கீழே விழாமல் மெல்ல வீசிப் பழகி, பிடியை ஒருவழியாகத் தளர்த்திக்கொண்டான். அவனைத் தோற்கடித்தது கிட்டத்து அடிதான். குழி இருக்கிற வழவழப்பான புல்தரையைக் கிரீன் என்பார்கள். அதற்கு வெளியே சிறிது தூரத்தில் கிடக்கிற பந்தை லேசாகத் தூக்கிப் போட்டு உருளவிட வேண்டும். அதற்குப் பெயர் சிப்.

அதையும் அவன் விடவில்லை. பூம்பாறையில் வண்டி திரும்பி நிற்கிற இடைவேளையில் நிறுத்தத்துக்குப் பின்னாலுள்ள புல்சரிவில் பழைய சாக்கு ஒன்றை விரிப்பான். குழியைப் பார்க்காதே, பந்து எங்கே இறங்க வேண்டுமோ அந்த இடத்தைப் பார் என்று வீடியோவில் சொல்லியிருந்தார்கள். பந்து சாக்கில் இறங்கி உருள வேண்டும். பூண்டு மூட்டையோடு வண்டிக்குக் காத்திருக்கும் பெண்களுக்கு அது நல்ல வேடிக்கை.

“ஏலே மலைச்சாமி, அந்தச் சாக்கக் குடு, பூண்டாச்சும் அள்ளிப் போடுறேன்” என்பாள் பொன்னுத்தாய். அவனுக்குச் சின்னம்மா முறை.

“சும்மா இரு சின்னாத்தா, கை நடுங்குது.”

“வளைவுல நடுங்காத கை இதுக்கு நடுங்குதாக்கும்? நடுங்குனது போதும், வெரசா வண்டிய எடு.”

நாளாக நாளாகப் பந்து சாக்கில் இறங்கத் தொடங்கியது. ஆனால் அது புல்லில் கிடக்கும் பந்து. புல் தேய்ந்த வெறுந்தரையில் கிடந்தால் கதை வேறு. தரையைத் தட்டிவிடுவோமோ என்ற பயத்தில் கடைசி நொடியில் வலது கை முந்தும். மட்டையின் விளிம்பு பந்தின் வயிற்றில் அடிக்கும். பந்து கிரீனைத் தாண்டி மறுசரிவில் ஓடிவிடும். எத்தனை பழகியும் அந்த ஒன்று மட்டும் சரியாகவில்லை.

இந்த வருடப் போட்டியில் அவன் கடைசி ஆட்டம்வரை வந்துவிட்டான். எதிராளி அருள்தாஸ். மைதானத்தில் புல்வெட்டும் மெஷின் ஓட்டுகிறவன். அப்பா அம்மா இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்து இங்கே குடியேறியவர்கள். இரண்டு பேரும் ஒரே காலத்தில் பை சுமந்தவர்கள். மலைச்சாமி வயதில் மூத்தவன், அதனால் அண்ணன்.

பதினேழு குழி முடிந்தபோது சமம். கடைசிக் குழியில் அருள்தாஸின் பந்து கிரீன்மேல், குழிக்கு வெகுதூரத்தில் நின்றது. மலைச்சாமியின் பந்து கிரீனுக்கு வெளியே, சரிவுக்கு அந்தப் பக்கம். கிட்டே போய்ப் பார்த்தான். புல் ஒன்றுகூட இல்லாத வெறுந்தரை. காய்ந்து இறுகிய செம்மண்மேல் கோழிமுட்டை மாதிரி பந்து உட்கார்ந்திருந்தது.

அந்த மைதானத்துக்கு ராத்திரியில் காட்டுமாடுகள் மேய வரும். ஈரத் தரையில் அவற்றின் குளம்பு பதிந்து பள்ளம் விழும். பந்து அதில் கிடந்தால் எடுத்துப் பக்கத்துப் புல்லில் வைத்து ஆடலாம். மெம்பர்கள் எதிராளியைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டுத்தான் எடுப்பார்கள். கேடிகளின் திங்கட்கிழமை ஆட்டத்தில் அப்படிக் கிடையாது. பந்து எங்கே கிடக்கிறது என்று கேடி சொன்னால் இரண்டு துரைகளும் மறுபேச்சில்லாமல் நம்புகிற தொழில் அது. அந்த நம்பிக்கையில் சாப்பிட்டவர்கள் தங்களுக்குள் ஒருவர் சொன்னதை இன்னொருவர் நடந்துபோய்ப் பார்ப்பதைக் கேவலமாக நினைத்தார்கள். ‘குளம்படி’ என்று ஒரு குரல், ‘எடு’ என்று ஒரு குரல். அவ்வளவுதான்.

மலைச்சாமி பந்தைப் பார்த்தான். வலது கை விரல்கள் தானாக இறுகுவது தெரிந்தது.

“குளம்படி!” என்றான்.

“எடுங்கண்ணே” என்றான் அருள்தாஸ். குனிந்து தன் பந்தின் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தவன் தலையைக்கூடத் திருப்பவில்லை.

பந்தைப் புல்லில் வைத்தான். சாக்கு விரித்திருப்பதாக ஓர் இடத்தை மனதில் வைத்துக்கொண்டு வீசினான். அவன் வாழ்நாளில் அடித்த நல்ல சிப் அதுதான். பந்து மெத்தென்று இறங்கி உருண்டு குழியை ஒட்டி நின்றது. கேடிகள் கைதட்டினார்கள். அருள்தாஸின் பந்து குழியைத் தாண்டிப் போனது. திரும்ப அடித்ததும் விளிம்பில் நின்றுவிட்டது. மலைச்சாமி தன் பந்தைக் குழிக்குள் தட்டிவிட்டு ஜெயித்துவிட்டான். அருள்தாஸ் வந்து கட்டிப்பிடித்தான்.

“எம்புட்டு வருசமாச்சுண்ணே ஒங்க பேரு அதுல ஏற!”

எல்லோரும் கேடி கொட்டகைக்கு நடந்தார்கள். அருள்தாஸ் மட்டும் மெஷின் ஷெட் பக்கம் திரும்பினான்.

“நீ எங்கடா?”

“மண்ணு எடுத்தாரேன்ணே. நீங்க சொன்ன குளம்படியத் தூத்துட்டு வந்துடறேன். நாளைக்கு மெம்பர் யாராச்சும் கால உள்ள விட்டுச் சுளுக்கிக்கிட்டா என்னையத்தான் ஏசுவாங்க. நீங்க போங்க, சுணங்க மாட்டேன்.”

மலைச்சாமிக்கு அது நினைவே இல்லாமல் போயிருந்தது. மாடு மிதித்த பள்ளங்களைத் தூர்ப்பது அருள்தாஸின் அன்றாடச் சோலி. விளையாட்டு என்றாலும் வேலை வேலைதான் என்று நினைக்கிறவன் அவன்.

அப்போதே கூப்பிட்டிருக்கலாம். ‘அருளு, நில்லுடா’ என்று ஒரு வார்த்தை போதுமாயிருந்தது. அதற்குப் பதிலாகக் கால்கள் வேகமாகச் சரிவு ஏறின. இப்போது அந்த இடத்தில் ஒரு பள்ளம் இருந்தாக வேண்டும், வேறு எதுவும் அவனுக்குத் தோன்றவில்லை. வெறுந்தரை இறுகிக் கிடந்ததால், அதை ஒட்டிப் புல்லோரத்தில் ஈரம் இருந்த இடமாகப் பார்த்து ஷூவின் குதிகாலை ஊன்றித் திருகினான். ஐம்பதை நெருங்குகிற மனிதன், பஸ்ஸில் இத்தனை உயிரை ஏற்றி இறக்குகிறவன், யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு மண்ணை மிதித்தான்.

நிமிர்ந்தபோது அருள்தாஸ் வாளியோடு வந்துகொண்டிருந்தான். மலைச்சாமி அந்தப் பள்ளத்தின்மேலேயே நின்றுவிட்டான்.

“எங்கண்ணே?”

மலைச்சாமி காலை எடுத்தான்.

அருள்தாஸ் குந்தி உட்கார்ந்தான். காட்டுமாட்டுக் குளம்பு இரண்டாகப் பிளந்தது. மண்ணில் இரண்டு பிறை சேர்ந்த மாதிரி விழும். இது வட்டமாக, ஒரே குழியாக இருந்தது. ஓரத்தில் ஷூவின் பல்வரிசைகூடப் பதிந்திருந்தது. அவன் சற்று நேரம் அதைப் பார்த்தான். பிறகு வாளியிலிருந்து மண்ணை அள்ளிப் போட்டு, உள்ளங்கையால் தட்டி, புல்விதை தூவி, மேலே இன்னும் கொஞ்சம் மண் போட்டான். நிஜக் குளம்படிக்குச் செய்வதில் ஒன்றையும் குறைக்கவில்லை. மலைச்சாமிக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை.

“அருளு... மாடு இல்லடா.”

“ம்.”

“வெறுந்தரையில கெடந்துச்சு. கை நடுங்குச்சு. சொல்லிட்டேன்.”

அருள்தாஸ் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தான். முகத்தில் கோபம் இல்லை. அவனும் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றான்.

“சொன்னதுகூடப் பரவால்லண்ணே. ஓடியாந்து மிதிச்சீங்க பாருங்க...” அதை அவன் முடிக்கவில்லை. “எங்கிட்டச் சொல்லி என்ன பண்ண? கொட்டகையிலதான கப்ப வச்சிருக்காங்க.”

கொட்டகைக்கு முன்னால் மர ஸ்டூலின்மேல் கப் இருந்தது. கேடிகளின் மேஸ்திரி சிவமுருகன், “வாடா டிரைவர், வா” என்று கூப்பிட்டார். மலைச்சாமி ஸ்டூலுக்கு எட்டாத தூரத்திலேயே நின்று சொன்னான். மாடு வரவில்லை, பொய் சொன்னேன், கப் அருளுக்குரியது. மிதித்ததைச் சொல்ல வாய் வரவில்லை. அருள்தாஸும் சொல்லவில்லை.

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது: “அப்ப இன்னைக்கு நீதான்டா மாடு!”

எல்லோரும் சிரித்தார்கள். திட்டியிருந்தால் திரும்ப ஏதாவது சொல்லியிருக்கலாம். சிரிப்பு அடங்கும்வரை அவன் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தான். குதிகாலில் ஈரமண் ஒட்டியிருந்தது. அருள்தாஸ் கப்பை வாங்கிக்கொண்டான். அவன் முகத்திலும் சந்தோஷம் இல்லை.

மறுநாள் பூம்பாறையில் வண்டி நின்றபோது மலைச்சாமி சீட்டைவிட்டு இறங்கவில்லை. செய்தி அவனுக்கு முன்னாலேயே ஊர் வந்து சேர்ந்திருந்தது. பொன்னுத்தாய் மூட்டையை ஏற்றிவிட்டு அவனை ஒருமுறை பார்த்தாள். சாக்கைக் கேட்காமல் போய் உட்கார்ந்தாள்.

திங்கட்கிழமை ஆட்டத்துக்கு அவன் வரக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. சில வாரம் கழித்துப் போனான். மழைக்குப் பிந்தைய ஒரு நாள், அவன் பந்து நிஜமாகவே ஒரு குளம்படிக்குள் கிடந்தது. “குளம்படி” என்றான். கூட ஆடிய சிவமுருகன் தன் பையை வைத்துவிட்டு அவ்வளவு தூரம் நடந்து வந்தார். குனிந்து பார்த்தார்.

“ஆமா, இருக்கு. எடு” என்றார். பிறகு, குரலைத் தாழ்த்தி, “தப்பா நெனைக்காதப்பா” என்றார்.

அதற்குப் பிறகு மலைச்சாமி அந்தச் சொல்லைச் சொல்வதில்லை. பந்து குளம்படியில் விழுந்தால் அப்படியே நின்று அடிக்கிறான். விதிக்கு மேலேயே நேர்மையாக ஆடுகிறான் என்று புதுக் கேடிகள் பேசிக்கொள்கிறார்கள். அது காதில் விழும்போதெல்லாம் அவனுக்கு முகம் சுருங்கும். இன்னொரு மனிதர் அவ்வளவு தூரம் நடந்து வந்து குனிவதை அவனால் பார்க்க முடியாது, அவ்வளவுதான் காரணம்.

போன திங்கள்கூட ஒன்று அப்படி விழுந்தது. ஆழமான பள்ளம். முதல் வீச்சில் சேறு முகத்தில் தெறித்தது, பந்து அசையவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி நின்றான். பக்கத்துக் கிரீனில் அருள்தாஸ் புல்வெட்டிக்கொண்டிருந்தான். அவன் பார்த்தான், பார்த்ததைக் காட்டிக்கொள்ளாமல் மெஷினை மறுபக்கம் திருப்பி ஓட்டிப் போனான்.