கயிறு பிடித்தவன் பங்கு

இது நடந்தது. சொன்ன நேரத்தில் ஒரு நிமிஷத்தைக்கூட நான் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. கொல்லிமலையில் தேவனூர் நாட்டுப் பக்கம், போன வருஷம் கார்த்திகையில் தொடங்கித் தை முடிவதற்குள் நடந்தது. பேய் என்றால் நடுராத்திரியில் கொலுசு கட்டிக்கொண்டுதான் வரும் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். இது மாலை 6.04க்கு வந்தது. வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது, அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது.

காளியாத்தாளுக்கு உலகமே இரண்டு பேர்தான். புருஷன் செங்கோட்டையன், கூடப் பிறந்த அண்ணன் அர்த்தனாரி. அண்ணன் தனிக்கட்டை. இருபது காலடி கீழே இறங்கினால் அவன் வீடு. இரண்டு ஆண்களும் சேர்ந்து பாறைத் தேன் எடுக்கப் போவார்கள். கயிற்றில் தொங்கிக்கொண்டு தேனடையை அறுப்பவன் செங்கோட்டையன், மேலே நின்று அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொள்பவன் அர்த்தனாரி. இவர்கள் வழக்கத்தில் கயிற்றைப் பெண்டாட்டியின் அண்ணன் தம்பி கையில்தான் கொடுப்பார்கள். தங்கச்சி தாலியை அறுக்க எவனும் துணிய மாட்டான் அல்லவா! கிடைத்ததில் சரிபாதி கயிறு பிடித்தவனுக்கு. அவன் வீட்டில் இல்லையென்றாலும் அவன் பங்கை ஒரு இலையில் வைத்து, அவன் வாசலில் விட்டுவிட்டுத்தான் தன் வீட்டு வாசலை மிதிக்க வேண்டும்.

ஒரே வருஷத்தில் இருவருக்கும் நுரையீரலில் கட்டி வந்தது. செங்கோட்டையனுக்கு இடது பக்கம், அர்த்தனாரிக்கு வலது பக்கம். கீமோ கொடுத்துப் பார்த்தார்கள், கேட்கவில்லை. சேலத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் புது மாத்திரை ஒன்றைச் சோதித்துப் பார்க்க நோயாளிகளைச் சேர்க்கிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். மூன்று பேரும் மலைப்பாதையின் எழுபது வளைவும் இறங்கிப் போனார்கள். டாக்டர் பானுமதி எதையும் மறைக்காமல் சொல்லிவிட்டார்.

"இது சோதனை மருந்துங்க. கேக்குமா கேக்காதான்னு எங்களுக்கே இன்னும் தெரியாது. அதைத் தெரிஞ்சுக்கத்தான் இந்தச் சோதனையே. இன்னொண்ணு, இனிமே ஒரே ஒருத்தரைத்தான் சேர்க்க முடியும்."

இரண்டு பேருடைய கட்டியும் அந்த மருந்துக்கு ஏற்ற வகைதான். இடம் ஒன்று, ஆள் இரண்டு. காளியாத்தாள் இருவர் முகத்தையும் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அர்த்தனாரிதான் எழுந்தான்.

"எனக்கு ஊசின்னாலே ஆவாதுங்க. மாப்ள சேரட்டும்."

பச்சைப் பொய். தேனீ நூறு கொட்டினாலும் பீடியைக் கீழே போடாத ஆள் அவன். வெளியே வந்ததும் செங்கோட்டையன் கையைப் பிடித்துக்கொண்டான்.

"மாத்திரையில பாதி எனக்கு மாப்ள. கயிறு புடிச்சவன் பங்கு."

"சரி மச்சான்."

விளையாட்டுக்குச் சொன்னானா, நிஜமாகவே கேட்டானா... கடைசிவரை தெரியவில்லை. பதினோராம் நாள் அர்த்தனாரி செத்துப்போனான். மாத்திரை டப்பா கைக்கு வந்தது அதற்கு நான்கு நாள் கழித்து.

காலை ஆறு மணிக்கு ஒன்று, மாலை ஆறு மணிக்கு ஒன்று. உடைக்காமல் முழுதாக விழுங்க வேண்டும். விழுங்கியதும் நோட்டில் குறிக்க வேண்டும். மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மீதி மாத்திரையையும் நோட்டையும் ஒத்துப் பார்ப்பார்கள். வேறு யாருக்காவது கொடுத்தது தெரிந்தால் சோதனையிலிருந்து எடுத்துவிடுவார்கள். காளியாத்தாள் டப்பாவைச் சாமி மாடத்தில் வைத்தாள். புருஷன் உயிர் அந்த டப்பாவுக்குள் இருப்பதாகவே நம்பினாள்.

முதல் நாள் மாலையே செங்கோட்டையன் ஆரம்பித்துவிட்டான். நடக்கத் தெம்பில்லை, படுத்தபடியே கேட்டான்.

"ஏ புள்ள. ஒண்ணே ஒண்ணு அவன் வாசல்ல வெச்சுட்டு வா."

"ஆஸ்பத்திரியில எண்ணிப் பாப்பாங்க."

"கையைப் புடிச்சு வாக்குக் குடுத்திருக்கேன்."

"செத்தவனுக்கு எதுக்குங்க மருந்து?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. சொந்த அண்ணன். குழி மண் இன்னும் ஈரமாக இருக்கிறது. தனக்குக் கிடைத்திருக்கக்கூடிய இடத்தைத் தூக்கித் தன் தாலிக்குக் கொடுத்துவிட்டுப் போனவன். அவனைப் போய்... நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் மாத்திரையைக் கொடுக்கவில்லை. ஒருவனை மண்ணில் வைத்தாயிற்று, இன்னொருவரையாவது வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பேராசை என்று பெயர் வைத்தால் வைத்துவிட்டுப் போகட்டும் என்று இருந்துவிட்டாள்.

எட்டு நாள் ஒன்றும் இல்லை.

ஒன்பதாம் நாள். மாலை 6.04. செங்கோட்டையன் மாத்திரையை விழுங்கித் தண்ணீர் குடித்தான். அவள் நோட்டில் குறித்துக்கொண்டிருந்தாள். வெளியே பனி இறங்கி, பலா மரம் பாதிதான் தெரிந்தது. அந்த மரத்தடியில் யாரோ இருமினார்கள்.

லொக்... லொக்... லொ...ஒ...ஒக். ம்ம்ம்.

இரண்டு குட்டை, ஒன்று நீளம், கடைசியில் ஒரு முனகல். அந்த இருமலைத் திருவிழாக் கூட்டத்திலும் அவளால் அடையாளம் சொல்ல முடியும். இரண்டு வருஷம் பக்கத்தில் இருந்து கேட்டது.

"கேட்டுதா?" என்றான் செங்கோட்டையன்.

"காட்டுல கேளையாடு கத்துதுங்க."

டார்ச்சை அடித்துப் பார்த்தாள். வெள்ளையாகப் பனி, அவ்வளவுதான். அர்த்தனாரி வளர்த்த நாய் வாசலில் உட்கார்ந்திருந்தது. ஒரு இலை விழுந்தால்கூடக் குரைக்கிற நாய் அது. குரைக்கவில்லை. மரத்தடியைப் பார்த்து வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.

பத்தாம் நாளும் 6.04. பதினொன்றாம் நாளும் 6.04. இருமல் பலா மரத்தடியிலேயே இருந்தது. பதினேழாம் நாள் அது துணி துவைக்கும் கல்லுக்கு வந்துவிட்டது.

இதில் கொடுமை என்னவென்றால், மருந்து வேலை செய்தது! செங்கோட்டையன் எழுந்து உட்கார்ந்தான். மூன்றாவது வாரம் களி இரண்டு உருண்டை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். நாலாவது வாரம் தடி இல்லாமல் மிளகுக் கொடிவரைக்கும் நடந்துவிட்டு வந்தான். அவனுடைய இருமல் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தது. காளியாத்தாள் சாமி மாடத்துக்கு முன்னால் நின்று வாய்விட்டு அழுதாள், சந்தோஷத்தில். இனி ஒரு மாத்திரையை எப்படிக் கொடுப்பாள்? அவனும் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டான். தெம்பு வந்த பிறகு, வாக்கு கொடுத்ததைப் பற்றிப் பேச அவனுக்கும் மனசு வரவில்லை. உயிர் ஆசை யாரைத்தான் விட்டது.

முப்பதாம் நாள். 6.04. இருமல் வாசல்படியில் கேட்டது.

கதவுக்கும் அதற்கும் நடுவில் ஒரு பலகைதான். காளியாத்தாள் ஓடிப் போய்க் கதவில் முதுகைச் சாய்த்து நின்றாள்.

"அண்ணா... என் தாலியைக் கேக்காத. இங்க உனக்கு ஒண்ணும் இல்ல, போயிரு. உனக்குப் படையல் போடறேன், கோழி அறுக்கறேன், என்ன வேணாலும் செய்யறேன். இதை மட்டும் கேக்காத சாமி."



பனி சொட்டும் சத்தம்... டொப்... டொப்...

பிறகு, அவள் முதுகுக்குப் பின்னால், தாழ்ப்பாள் மெல்ல ஆடியது. ஒரே ஒரு முறை. கதவு திறக்கவில்லை.

அடுத்த நாள் 6.04க்கு ஒரு சத்தமும் இல்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. போய்விட்டான், தங்கச்சி சொல்லைத் தட்டாத அண்ணன் போய்விட்டான் என்று அவள் பெருமூச்சு விட்டாள். ஒன்றுதான் உறுத்தியது. அந்த நாய். எத்தனை குளிரிலும் இவர்கள் வீட்டுக்குள் கால் வைக்காத நாய். முப்பத்தோராம் நாளிலிருந்து அது உள்ளே வந்து, செங்கோட்டையன் காலடியில் படுக்க ஆரம்பித்தது.

நாற்பத்தோராம் நாள்.

ஆறு மணிக்கு மாத்திரை. விழுங்கினான். அவள் நோட்டில் குறித்தாள். அடுப்புப் பக்கம் திரும்பி விறகைத் தள்ளினாள்.

6.04.

லொக்...

லொக்...

லொ...ஒ...ஒக். ம்ம்ம்.

வாசலில் இல்லை.

வீட்டுக்குள்.

அவளால் திரும்பிப் பார்க்க முடியவில்லை. விறகு வெடித்தது... நாய் வாலைத் தரையில் தட்டுவது கேட்டது. தப்... தப்... தப்...

"என் பங்கு எங்க, அம்மிணி?"

குரல் செங்கோட்டையனுடையது. ஆனால் அவன் அவளை 'ஏ புள்ள' என்றுதான் கூப்பிடுவான். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். அம்மிணி என்று அவளைக் கூப்பிட்ட ஆள் உலகத்தில் ஒருவன்தான்.

திரும்பினாள்.

செங்கோட்டையன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். இவளைப் பார்க்கவில்லை.

அவள் டப்பாவிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்துக்கொண்டு ஓடினாள். செருப்பில்லை, டார்ச் இல்லை. வழியில் கிடந்த ஒரு தேக்கிலையை எடுத்துக்கொண்டாள். அண்ணன் வீட்டுக் கதவில் பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது. 6.11. இலையைப் படியில் விரித்து மாத்திரையை வைத்தாள்.

"எடுத்துக்க அண்ணா! தப்புதான், என் தப்புதான். முழுசா ஒண்ணு வெச்சிருக்கேன். நாளைக்கும் வெக்கறேன். வந்து எடுத்துக்க. அவரை உட்டுரு!"

கதவைத் தட்டினாள். கை வலிக்கத் தட்டினாள். தலையை முட்டி அழுதாள்.

உள்ளே எந்தச் சத்தமும் இல்லை.

விடிந்ததும் ஓடிப் போய்ப் பார்த்தாள். இலை அப்படியே இருந்தது. மாத்திரை பனியில் ஊறிக் கரைந்து கிடந்தது. எறும்புகூடத் தொடவில்லை. அந்த வீட்டில் வாங்கிக்கொள்ள ஆளே இல்லை.

ஐம்பத்தாறாம் நாள் ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். பஸ்ஸில் செங்கோட்டையன் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசாமல் வந்தான். ஸ்கேன் எடுத்தார்கள். மாத்திரையை எண்ணிப் பார்த்தபோது ஒன்று குறைந்தது. கை தவறித் தண்ணீரில் விழுந்துவிட்டதாகக் காளியாத்தாள் சொன்னாள். டாக்டர் பானுமதி, இனிமேல் ஜாக்கிரதையாக இருக்கச் சொல்லி அதையும் எழுதிக்கொண்டார்.

மதியம் 3.20க்கு அவளை மட்டும் உள்ளே கூப்பிட்டார். மேஜையில் கம்ப்யூட்டர் திரை. அதில் இரண்டு படங்கள், ஒன்று பழையது, ஒன்று இன்றைக்கு எடுத்தது.

"இடது பக்கம் இருந்த கட்டி சுத்தமா இல்லம்மா. இவ்வளவு சீக்கிரம் நான் எதிர்பார்க்கவே இல்ல."

காளியாத்தாள் கையெடுத்துக் கும்பிட்டாள். டாக்டர் சிரிக்கவில்லை.

"ஆனா வலது பக்கம் மேல புதுசா ஒண்ணு இருக்கு. பெருசா இருக்கு. புதுக் கட்டி வந்தா இந்தச் சோதனையில வெச்சுக்கக் கூடாதுன்னு விதி. டப்பாவை இன்னைக்கே திருப்பி வாங்கிக்கணும். வேற என்ன வைத்தியம் பண்ணலாம்னு நான் பாக்கறேன், தைரியமா இருங்க."

அவள் வாயைத் திறப்பதற்குள் டாக்டர் பேனாவால் திரையைத் தொட்டார்.

"அது இருக்கட்டும். எனக்கு ஒண்ணு மட்டும் புரியல. இவரு எப்பம்மா கீழ விழுந்தாரு?"

"விழுகலீங்களே. கயித்துல இருந்து ஒருக்காக்கூட விழுந்ததில்லைங்க."

"வலது பக்கம் மூணு விலா எலும்பு உடைஞ்சு, கோணலாக் கூடியிருக்கு பாருங்க. இப்ப உடைஞ்சது இல்ல. கூடி இருபது வருஷமாவது ஆயிருக்கும். ரெண்டு மாசத்துக்கு முன்ன எடுத்த படத்துல இது கிடையாது. ஆள் மாறிப்போச்சோன்னு மூணு தடவை கேட்டுட்டேன். பேரு, தேதி எல்லாம் சரியாத்தான் இருக்கு."

காளியாத்தாள் அந்தப் படத்தைப் பார்த்தாள். அவளுக்குப் படம் பார்க்கத் தெரியாது. ஆனால் அந்த எலும்பு எப்படிக் கூடியது என்று அவளுக்குத்தான் தெரியும். அவளுக்குக் கல்யாணம் ஆவதற்கு முந்தின வருஷம், கயிறு பிடிக்க ஆள் இல்லாமல் தனியாகத் தேனுக்குப் போய்ப் பாறையிலிருந்து விழுந்தவன் அர்த்தனாரி. வலது விலாவில் மூன்று எலும்பு. மூங்கில் பத்தை வைத்து, பச்சிலை அரைத்துக் கட்டி, நாற்பது நாள் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டவள் அவள்.

அவள் திரையிலிருந்து கண்ணை எடுத்தாள்.

"டாக்டரம்மா... அப்ப எங்க ஊட்டுக்காரரு எங்கீங்க?"

டாக்டர் பானுமதி நிமிர்ந்து பார்த்தார். பாவம், அதிர்ச்சியில் குழம்பிப்போயிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

"வெளியதானம்மா உக்காந்திருக்காரு."

காளியாத்தாள் அந்த நாற்காலியிலிருந்து எழுந்து வெளியே போக அரை மணி நேரம் ஆயிற்று.