அம்மா பேரில் அடித்த பத்திரிகை

என் கல்யாணப் பத்திரிகையை நானே செய்தேன். கையில் காசு கம்மி என்பது பாதிக் காரணம்தான். மீதிக் காரணம் என் பெரியப்பா, அப்பாவின் அண்ணன்.

அப்பா போனபிறகு எங்கள் வீட்டு நல்லது கெட்டதுக்கெல்லாம் முன்னால் நிற்பவர் அவர்தான். கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். கணியம்பாடியில் நிலம் இருக்கிறது, நாலு பேர் மதிப்பு இருக்கிறது, அந்த மதிப்பை எங்கே போனாலும் கூடவே எடுத்துக்கொண்டு போவார். மாப்பிள்ளை வீட்டார் தங்கள் பத்திரிகையைத் தனியாக அடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் பஸ் ஏறி பள்ளிகொண்டாவில் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். பெண் வீட்டுப் பத்திரிகைச் செலவு முழுவதும் தன்னுடையது என்றார். பெட்டி மாதிரி திறக்கும் பத்திரிகை, மேலே வெல்வெட், உள்ளே தங்க எழுத்து. அழைப்பவர் என்ற இடத்தில் அவர் பெயர்.

அம்மா பெயர் எங்கே வரும் என்று கேட்டேன்.

"பொம்பள பேர்ல, அதுவும் புருசன் இல்லாதவ பேர்ல பத்திரிகை அடிச்சா, நீங்கள்லாம் இன்னா செத்தா போய்ட்டீங்கன்னு ஊர்ல கேக்க மாட்டான்?"

அம்மா காபியை வைத்துவிட்டு உள்ளே போனாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆம்பூர் ஷூ கம்பெனியில் நூல் வெட்டும் இடத்தில் நின்று நின்று கால் வீங்கிப் போனவள் அவள். அந்தச் சம்பளத்தில்தான் நான் டிப்ளமோ படித்தேன். வளர்க்கும்போது யாரும் போட்டிக்கு வரவில்லை, கல்யாணத்துக்குக் கூப்பிடுவதற்கு மட்டும் வேறு ஆளா? செலவை நானே பார்த்துக்கொள்கிறேன் பெரியப்பா என்று மரியாதையாகத்தான் சொன்னேன். பார்க்கலாம் பார்க்கலாம் என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

அவர் காசை வாங்கினால் அவர் பெயர். என் காசு என்றால் அம்மா பெயர். விஷயம் அவ்வளவுதான். ஆனால் பத்திரிகை பிச்சைக்காரத்தனமாக இருந்துவிட்டால், பார்த்தாயா என்று சொல்ல அவருக்கு நானே அடி எடுத்துக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். அதனால் அழகாக இருந்தே தீரவேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

வேலூர் பஜாரில் ஒரு அச்சகத்துக்குப் போனேன். அங்கிருந்தவர் மாதிரி ஆல்பத்தை முன்னால் தூக்கிப் போட்டார். புரட்டப் புரட்ட ஒன்று புரிந்தது. தங்கப் பிள்ளையாருக்குத் தனிக் காசு. உள்தாளுக்குத் தனி, உறைக்குத் தனி, இரண்டாவது நிறத்துக்குத் தனி. கூட்டக் கூட்டத்தான் காசு. அப்படியானால் ஒவ்வொன்றாகக் கழிக்கவேண்டியதுதான் என்று உட்கார்ந்துவிட்டேன். வெண்ணெய் நிறத்தில் கெட்டியான அட்டை ஒன்று. அரக்குச் சிவப்பில் ஒரே மை. உள்தாள் வேண்டாம். உறை வேண்டாம், அட்டையே மடிந்து மூடிக்கொள்ளட்டும். இது எனக்குப் புதிதில்லை. நானும் அம்மா வேலை பார்த்த கம்பெனியில்தான் இருக்கிறேன், சாம்பிள் ரூமில். நாள் முழுக்க ஷூவுக்கு அட்டையில் பேட்டர்ன் வெட்டுவதுதான் வேலை.

கீழே சித்தப்பா, மாமா, அத்தை என்று வரிசையாகப் பெயர் போடுவார்களே, அந்தப் பட்டியலையும் எடுத்துவிட்டேன். யார் பெயர் முதலில் என்று எத்தனை குடும்பங்களில் பேச்சு வார்த்தை நின்று போயிருக்கிறது. பட்டியல் போனதும் நாலு பக்கமும் காலி இடம் விழுந்தது, பத்திரிகைக்கே ஒரு களை வந்தது. அச்சகத்துக்காரருக்குத்தான் மனசு ஆறவில்லை. இவ்வளவு இடத்தைச் சும்மா விடலாமா, ஒரு மயிலாவது போடுங்கம்மா என்றார். பிறகு அழைப்பவர் வரியைப் பார்த்து நின்றார்.

"அம்மா பேரு மட்டுமா? வூட்ல பெரியவங்க யாரும் இல்லையா?"

"இருக்காங்க சார். கல்யாணத்துக்கு வருவாங்க."

அவர் மயிலை விட்டுவிட்டுப் பில் புத்தகத்தை எடுத்தார்.

அச்சடித்து வந்ததும்தான் என் புத்திசாலித்தனத்தைக் காட்டினேன். மடித்த அட்டை திறந்துகொள்ளாமல் இருக்க இரண்டு துளை போட்டு எதையாவது கட்டவேண்டும். கழிவுத்தோல் விற்பவரிடம் எடைக்கு வாங்கிய பழுப்புத் தோலை மெல்லிய நாடாவாக வெட்டினேன். கம்பெனித் தோழிகள் சாப்பாட்டு நேரத்தில் என்னோடு உட்கார்ந்து வெட்டினார்கள். கட்டி முடித்துப் பார்த்தால், அடடா, வெளிநாட்டுக் கடையில் வைத்து விற்கலாம். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒன்று விடாமல் எல்லாவற்றையும் கட்டிவிட்டேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்து அம்மா கையில் கொடுத்தேன். முதல் பத்திரிகைக்கு நாலு மூலையிலும் மஞ்சள் தடவிச் சாமி முன்னால் வைக்கவேண்டும். அம்மா மஞ்சளைக் குழைத்துவிட்டாள். பத்திரிகையைக் கையில் எடுத்தவள் அப்படியே நின்றாள்.

"தோலைப் போய் எப்டிடி சாமிகிட்ட வைக்கிறது?"

கம்பெனியிலிருந்து வந்தால் குளிக்காமல் சாமி அலமாரிப் பக்கம் போகாதவர்கள் நாங்கள். பர்ஸைக்கூட அங்கே வைக்கமாட்டோம். தோலில் ஊறிய ஊர்க்காரி, தோலிலேயே கோட்டை விட்டேன். பெரியப்பா சொல்லப்போவதும் காதில் கேட்டது. பொம்பளைங்களே பத்திரிகை அடிச்சா இப்டித்தான். கோபத்தில் அங்கேயே உட்கார்ந்து ஒவ்வொரு நாடாவாக அவிழ்க்க ஆரம்பித்தேன். அட்டையில் துளைகள் மட்டும் மிஞ்சின. துளையோடு எப்படிக் கொடுப்பது?

மஞ்சள் நூல் கட்டலாம் என்று தோன்றியது. வெள்ளைப் பருத்தி நூல்கண்டு வாங்கிவந்து, மஞ்சள் தண்ணீர் கரைத்து, நனைத்துக் கொடு என்று அம்மாவிடம் நீட்டினேன். அவள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். சாமிக்குக் குழைப்பது வேறு, ஊருக்குப் போகிற கல்யாண நூலைத் தான் தொடக்கூடாது, பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிடு என்றாள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. உன் பேர்ல அடிச்ச பத்திரிகைம்மா, நீ தொடாத நூல் எனக்கு வேணாம் என்றேன். அவள் புடவையைச் செருகிக்கொண்டு இரண்டு கையையும் பாத்திரத்துக்குள் விட்டாள். காய்ந்ததும் கட்டினோம். அரக்கு எழுத்துக்கும் வெண்ணெய் அட்டைக்கும் நடுவே அந்த மஞ்சள்தான் எடுப்பாக இருந்தது. ஆனது ஒரு நூல்கண்டுச் செலவு.

முதல் பத்திரிகை சாமிக்கு. அடுத்தது பெரியப்பாவுக்கு. கல்யாணப் பெண்ணே போய்ப் பத்திரிகை வைக்கும் வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது, வேறு ஆளும் கிடையாது. வெற்றிலை பாக்குத் தட்டை நான் ஏந்திக்கொண்டு நடந்தேன். கணியம்பாடி வீட்டு வாசலில் அம்மா என் பின்னால் ஒதுங்கிக்கொண்டாள்.

பெரியப்பா தட்டை வாங்கவில்லை. பத்திரிகையை மட்டும் எடுத்து நூலை அவிழ்த்தார். படித்தார். பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். மறுபடியும் முன்பக்கம். தன் பெயரைத் தேடுகிறார் என்று தெரிந்தது. யார் கூப்பிட்டு நான் வரவேண்டும் என்று என்னிடம் கேட்டார். பதில் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

அம்மா என்னைத் தாண்டி முன்னால் வந்தாள். தட்டை என்னிடமிருந்து வாங்கினாள். விரல் நகமெல்லாம் இன்னும் மஞ்சள்.

"நான் கூப்புட்றேன் மாமா. எம் பொண்ணுக்குக் கல்யாணம். நீங்க குடும்பத்தோட வரணும்."

அவர் அவளைப் பார்த்தார், பத்திரிகையைப் பார்த்தார். நாற்காலியிலிருந்து எழுந்து, தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்துகொண்டு, இரண்டு கையாலும் தட்டை வாங்கினார்.

"வர்றோம்மா" என்றார்.

தெருவுக்கு வந்ததும் என் தோளில் இருந்த பத்திரிகைப் பையை அம்மா பிடுங்காத குறையாக வாங்கி மாட்டிக்கொண்டாள். நான் முகத்தைத் துடைத்துக்கொள்ளக்கூட நேரம் தரவில்லை. அடுத்தது யார் வூடு, சீக்கிரம் சொல்லு என்று முன்னால் நடந்தாள்.