பதினான்கு தடவை வாசித்த பக்கம்

நாங்கள் குடிவந்திருந்த ஒனிஹங்காவிலும் அக்கம்பக்கத்திலும் இருந்த அரசாங்கப் பள்ளிக்கூடங்கள் எல்லாம் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு டேப்லட் கொடுத்த வருஷம், என் மகளுக்கு ஒன்பது வயது. பெற்றோரை மண்டபத்தில் கூட்டிவைத்து விளக்கம் சொன்னார்கள். கணவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அவர் எதற்கும் கையெழுத்துப் போடுவார். எனக்கு அந்தக் கறுப்புப் பலகையைக் கண்டதுமே பிடிக்கவில்லை.

தினமும் ஒரு பக்கத்தைச் சத்தமாக வாசித்து, அதில் பதிந்து அனுப்ப வேண்டும். காலையில் டீச்சர் கேட்பாராம். வாசித்து முடித்ததும் மகள் சமையலறை வாசலில் வந்து நின்று, "சரியா வாசிச்சனோ அம்மா?" என்று கேட்பாள். அவள் வீட்டில் தமிழில் கேட்கும் ஒரே கேள்வி அதுதான், மற்றதெல்லாம் இங்கிலீஷ். நான் பெரும்பாலும் பதில் சொன்னதில்லை.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில். பாட்டனி டவுன்ஸில் ஒரு கடையில் நாள் முழுக்க நின்று, வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் சிரித்துவிட்டு வருவேன். வீட்டுக்குள் கால் வைத்ததும் அந்தச் சிரிப்பு போய்விடும். பிறகு கையில் அகப்பை இருந்தால் அகப்பை, செருப்பு இருந்தால் செருப்பு. இந்த நாட்டில் பிள்ளையை அடிப்பது குற்றம் என்று எனக்குத் தெரியும். அடித்தால் பிள்ளையைக் கொண்டுபோய்விடுவார்கள் என்று கோயிலில் எங்கள் ஆட்கள் கதைப்பதையும் கேட்டிருக்கிறேன். அதனால் வெளியே தெரியாத இடமாகப் பார்த்து அடிப்பேன்.

மாதம் ஒன்று ஆகியிருக்கும். அவள் ஒரே பக்கத்தையே திரும்பத் திரும்ப வாசிக்கத் தொடங்கினாள். கரை ஒதுங்கிய திமிங்கிலத்தைப் பற்றிய பக்கம். பாதியில் நிறுத்துவாள், மறுபடி முதல் வரி. நான் அந்தப் பக்கம் திரும்பியதும் இவள் விளையாடுகிறாள், என்னைக் கண்டதும் வாசிப்பதுபோல் நடிக்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டேன். அடுப்படியில் நின்றபடி கத்துவேன். அவள் நிறுத்துவாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி முதல் வரி. போய் முதுகில் ஒன்று வைப்பேன். அழுகையை விழுங்கிக்கொண்டு மறுபடி முதல் வரி.

ஒரு செவ்வாய்க்கிழமை எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. மஞ்சள் தூள் அப்பிய கையோடு போய் அவள் தலைமயிரைப் பிடித்து இழுத்தேன்.

"எத்தினை தரமடி ஒண்டையே வாசிப்பாய்? ஆரை ஏமாத்துறாய்?"

கன்னத்தில் அறைந்தேன். தடுக்க வந்த கையில் அகப்பைக் காம்பால் விளாசினேன். காம்பு உடைந்தது. டேப்லட்டைப் பிடுங்கி மேசை விளிம்பில் ஓங்கி அடித்தேன். கண்ணாடி மூலைக்கு மூலை வெடித்தது. அவள் அழவில்லை. கீழே விழுந்த அதைக் குனிந்து எடுத்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள். தன்னை விட்டுவிட்டு அதைப் போய்க் காப்பாற்றுகிறாளே என்று எனக்கு இன்னும் ஆத்திரம் வந்து, காலால் உதைத்தேன்.

டேப்லட் அப்போதும் பதிந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

இரண்டு நாள் கழித்து, பள்ளிக்கூடம் விட்டதும் டீச்சர் என்னை வரச் சொன்னார். சின்னப் பிள்ளைகளின் கதிரையில் நானும் மகளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். நல்ல வெயில் காலம். மகள் முழுக்கை ஸ்வெட்டர் போட்டிருந்தாள்.

கண்ணாடி உடைந்தது பெரிய விஷயமில்லை என்றுதான் டீச்சர் தொடங்கினார். பிறகு, அனுப்பாமல் விட்ட பதிவுகளும் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேரும் என்று சொல்லித் தன் கம்ப்யூட்டரைத் திருப்பினார். அந்தச் செவ்வாய்க்கிழமை மட்டும் பதினான்கு இருந்தன. ஒவ்வொன்றாகப் போட்டார். மகள் வாசிக்கிறாள், ஒரு பிழை இல்லை. பின்னாலிருந்து நான் கத்துகிறேன். அவள் நிறுத்துகிறாள். அடுத்ததிலும் அதேதான். பின்னால் சத்தம் கேட்டால் புதிதாகப் பதிய வேண்டும் என்பது வகுப்பில் சொல்லிக்கொடுத்த விதியாம். நான் கத்தியதால் அவள் மறுபடி வாசித்தாள். அவள் மறுபடி வாசித்ததால் நான் அடித்தேன்.

கடைசிப் பதிவில் அறை விழுந்தது. காம்பு உடைந்தது. அதில் கத்தும் அந்தப் பெண்ணின் குரலை, என் குரலைத்தான், கேட்கக் கேட்க, எழுந்துபோய் அவளை அடிக்க வேண்டும்போல எனக்கு இருந்தது.

டீச்சருக்குத் தமிழ் தெரியாது. அங்கே என்ன நடந்தது என்று மகளிடம் மெதுவாகக் கேட்டார். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. அம்மா சாப்பிடக் கூப்பிட்டா என்றும், அந்தச் சத்தம் அம்மா பலகையில் கோழி வெட்டியது என்றும், டேப்லட் தன் கையிலிருந்து நழுவி விழுந்தது என்றும் இங்கிலீஷில் தடங்கலில்லாமல் சொன்னாள். டீச்சர் என்னைப் பார்த்து, அப்படியா என்றார்.

நான் ஆம் என்று தலையாட்டினேன். பயம்தான், வேறொன்றுமில்லை. பிள்ளையைக் கொண்டுபோய்விடுவார்களோ என்ற பயம்.

காருக்கு வந்து பெல்ட்டை மாட்டிவிடும்போது மகள் என் முகத்தைப் பார்த்துத் தமிழில் கேட்டாள்.

"சரியாச் சொன்னனோ அம்மா?"

மாட்டிய பெல்ட்டைக் கழற்றினேன். அவளுடைய கையைப் பிடித்தபோது அது விறைத்தது. மெதுவாகத்தான் பிடித்திருந்தேன். அவளோடு திரும்பிப் போனபோது வகுப்பில் டீச்சர் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அது கோழி இல்லை என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். அவர் கையிலிருந்த கதிரையை எனக்குப் பக்கத்தில் வைத்து, இருக்கச் சொன்னார்.