தங்கை கேட்ட எஸ்க்யூஎல்

என் தங்கை என்னை விட்டுப் போனதற்குக் காரணம் எஸ்க்யூஎல் என்றால் சிரிப்பார்கள். அதனால் சொந்தக்காரர்களிடம் வேறு ஏதேதோ சொல்லி வைத்திருக்கிறேன்.

கம்பம் பக்கத்துத் திராட்சைத் தோட்டங்களுக்காக நாங்கள் இருவரும் ஒரு மென்பொருள் நடத்தினோம். அவள் ஸ்கூட்டரில் தோட்டம் தோட்டமாகப் போய், என்ன மருந்து வாங்கினார்கள், எப்போது அடித்தார்கள் என்று செல்போனில் பதிவு செய்வாள். அதையெல்லாம் சேமிக்கும் டேட்டாபேஸை நான் தேனியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டேன். நானே எழுதியது என்று கொஞ்சம் திமிரும் உண்டு. அதில் அட்டவணை கிடையாது. ஒரு தோட்டத்துக்கு ஒரு கோப்பு, அதற்குள் எது வேண்டுமானாலும் இருக்கலாம். இங்கே ஒவ்வொரு தோட்டத்திலும் ஒவ்வொரு மாதம் கொடியை நறுக்கிக் கவாத்து வெட்டுகிறார்கள். தேதி யாரும் சொல்வதில்லை, 'கவாத்து வெட்டி நாப்பதாம் நாள் அடிச்சேன்' என்பார்கள். அப்படியே பதிந்தோம். ஒரு தோட்டத்தின் விவரம் நொடியில் வந்துவிடும். எல்லாத் தோட்டத்தையும் சேர்த்து ஒன்று கேட்க வேண்டுமென்றால், நான் தனியாக நிரல் எழுதித் தர வேண்டும்.

"எஸ்க்யூஎல் வச்சுக் குடுண்ணே. ஒரு வரியில நானே கேட்டுக்கிறேன். எல்லாத்துக்கும் ஒன்னையவே புடிச்சுத் தொங்கணுமா?" என்றாள்.

எஸ்க்யூஎல் என்பது விவரங்களை அட்டவணையாக வைத்து, டேட்டாபேஸிடம் நேராகக் கேள்வி கேட்கும் மொழி. ஒரு மாதம் யோசித்து, முடியாது என்றேன். நான் சொன்ன காரணங்கள் பொய்யில்லை. தேதி என்று கேட்டால் ஒரு தோட்டம் நாற்பது என்னும், இன்னொன்று மாசிக் கடைசி என்னும். எஸ்க்யூஎல் அதைப் பிழை என்று நிறுத்தாமல், தப்பான பதிலை அழகாக அடுக்கிக் கொடுத்துவிடலாம்.

"தப்பா வந்தா நேர்ல போயி நான் பாத்துக்கிறேன். வராமலே கெடந்தா என்ன செய்ய?" என்றாள். நான் கத்தினேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். சொல்லாத காரணம் ஒன்றும் இருந்தது. அவள் ஒவ்வொன்றுக்கும் என்னிடம் வந்து நிற்பது எனக்குப் பிடித்திருந்தது. இதை எழுதவே கூசுகிறது.

அப்புறம்தான் அந்த மருந்து வந்தது. ஒரு கடையில் விற்ற பூஞ்சை மருந்தில் ஏதோ கோளாறு. அடித்த தோட்டத்தில் இலையெல்லாம் கருகிவிட்டது. வேறு யாரெல்லாம் அதை வாங்கி வைத்திருக்கிறார்கள் என்று கேட்கத்தான் அவள் மதியத்திலிருந்து எனக்குப் போன் அடித்திருக்கிறாள். நான் ஆண்டிபட்டியில் ஒரு கல்யாணத்தில் இருந்தேன். விடாமல் அடித்திருந்ததைப் பார்த்தேன். வழக்கமாகக் கேட்பதுதானே, நாளைக்குப் பார்க்கலாம் என்று போனைப் பைக்குள் போட்டேன்.

அவள் ஞாபகத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டாள். ஒருவர் விட்டுப்போனார். தனியாக ஒரு ஏக்கரைக் கட்டிக்கொண்டு அல்லாடும் அக்கா அவர். மறுநாள் நான் நிரலை ஓட்டியபோது பட்டியலில் மூன்றாவதாக அவர் பெயர் இருந்தது. அதற்குள் அங்கே காலையிலேயே மருந்து அடித்து முடித்திருந்தார்கள்.

தங்கைதான் போய் நின்றாள். அந்த அக்கா திட்டக்கூட இல்லையாம். "நீ என்னாத்தா செய்வ" என்றாராம். வீட்டுக்கு வந்தவள் அதை மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அடுத்த வாரம் கோயம்புத்தூரில் ஒரு வேலைக்குப் போய்விட்டாள்.

அவள் போன பிறகு எஸ்க்யூஎல் சேர்த்தேன். கவாத்து நாளையெல்லாம் தேதியாக மாற்றியும் வைத்தேன். எட்டு நாள் வேலை. எட்டே நாள்.

போன் போட்டுச் சொன்னேன். "நீ சொன்னபடியே வச்சுட்டேன் ஆத்தா. ஒரு வரியில கேட்டா வந்துருது."

"நல்லதுண்ணே" என்றாள். கோபமே இல்லை. "தோட்டத்துக்கு இப்ப யாருண்ணே போறாக?"

யாரும் போகவில்லை. அவள் கிளம்பிய நாளுக்குப் பிறகு அதில் ஒரு பதிவும் இல்லை.